தவிட்டுக்குப் போன பிள்ளை

உங்கள் பாடப் புத்தகங்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன் பிள்ளைகளா. தாய் நலத்துக்கு ஒரு புத்தகம், குழந்தை நலத்துக்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று. மூன்றுக்கும் மூன்று நிறத்தில் அட்டை. தேர்வும் தனித்தனி நாளில்தானாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் வேலை பார்த்த ஊரில் ஒரு வீட்டில் இந்த மூன்றும் ஒரே பாயில் படுத்திருந்தன. எது எந்தப் புத்தகம் என்று பிரிக்கத் தெரியாமல் நான் வாசலில் நின்றேன். இன்றைக்கு முழுசாகத் தெரிந்துவிட்டதா என்று கேட்டால், நெஞ்சில் கை வைத்து ஆமாம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் குழப்பத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். குறிப்பெடுக்க வேண்டாம், சும்மா கேளுங்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எட்டாம் வகுப்பு முடித்து, இரண்டு வருடம் நர்சுப் பயிற்சி எடுத்து, செஞ்சிக்கும் மண்டகப்பட்டுக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே இருந்த ஒரு சென்டருக்கு வந்தேன். சென்டர் என்றால் ஓட்டு வீடு ஒன்று, மேசை ஒன்று, குழந்தை நிறுக்கும் தராசு, பிரசவப் பை, மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு மூலையில் பால் பவுடர் மூட்டை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம். மீதியை ஜனங்களிடம்தான் படித்தேன். அவர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். வலி எப்படி இருக்கிறது என்று ஒருத்தியிடம் கேட்டால், "உள்ள ஒரு ஆளு கதவத் தட்டிக்கினே இருக்கறான் நர்சம்மா" என்பாள். மசக்கை எப்படி என்று இன்னொருத்தியிடம் கேட்டால், "அடுப்புப் பொககூட என்ன அடிக்க வருது" என்பாள். இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அந்த ஆசையே ஒரு தடவை என் காதை அடைத்துவிட்டது.

அஞ்சலைக்கு அப்போது இருபத்து மூன்று வயது இருக்கும். புருஷன் ஏழுமலை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற கொஞ்சம் நிலம், ஒரு கிணற்றில் கால் பங்கு, அவ்வளவுதான் சொத்து. அதற்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் நாள் போனது. இன்னொன்று நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனது. மூன்றாவது பிரசவத்தை நான்தான் பார்த்தேன். பகல் மூன்று மணி, ஒரு சிக்கலும் இல்லை, ஆண் பிள்ளை. அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழியெல்லாம் சிதறி ஓடியது.

அஞ்சலை பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, "என் ராசா, என் தங்கம்" என்று கொஞ்ச ஆரம்பித்தாள். மாமியார் ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினாள். நானும் மாமியாரோடு சேர்ந்துகொண்டேன்.

"என்னுதுன்னு சொல்லாத அஞ்சல. ரெண்ட அப்படிச் சொல்லித்தான் உட்ட."

இதைச் சொன்னது நான்தான். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னேன். அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் தவிட்டுச் சடங்கு நடந்தது. உங்களில் பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்கிறேன். பிறக்கிற பிள்ளையெல்லாம் தவறிப் போகிற வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். பெற்றவள் வாசலில் நின்று பார்க்க வேண்டும். வேறொரு வீட்டுக்காரி, தற்செயலாக அந்தப் பக்கம் வருகிறவள் மாதிரி வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். பிறகு ஒரு முறம் தவிட்டைக் கொண்டுவந்து பெற்றவள் வாசலில் கொட்டுவாள். அந்த நிமிஷத்திலிருந்து பிள்ளை வாங்கினவளுடையது. வளர்வது மட்டும் பெற்றவள் வீட்டில். மொட்டை போடும் வரைக்கும் பெற்றவள் அதை என் பிள்ளை என்று சொல்லக் கூடாது, கொஞ்சக் கூடாது. யாராவது கேட்டால் வாங்கினவள் பெயரைச் சொல்ல வேண்டும். பிள்ளையைத் தூக்கிப் போக வருகிற எதுவோ ஒன்று, இது வேற வீட்டுப் பிள்ளை என்று நினைத்து ஏமாந்து போய்விடுமாம். நான் திண்டிவனத்துப் பக்கம். எங்கள் வீட்டிலேயே என் தம்பி தவிட்டுப் பிள்ளைதான், பெயர் பிச்சை. அதனால் எனக்கு இதில் வியப்பும் இல்லை, ஆட்சேபமும் இல்லை.

வாங்க வந்தவள் இரண்டு வீடு தள்ளியிருந்த சவரியம்மாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம். இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை. பெற்றதெல்லாம் தங்கிய ராசிக்காரி என்பதால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். உங்கள் சாமியாருக்குத் தெரிந்தால் திட்ட மாட்டாரா என்று யாரோ சீண்டினார்கள். "திட்டுவாரா, வாங்குனதுதான் வாங்குன, ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கினு வான்னு சொல்லுவாரு" என்றாள். தெருவே சிரித்தது. அவள் குப்பையிலிருந்து பிள்ளையை எடுத்துத் தூசி தட்டினாள். அஞ்சலை வாசல்படியில் நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் போனேன். பிள்ளை ஒரு பக்கம் துணியில் கிடந்தது. அஞ்சலை இன்னொரு பக்கம் சுவரில் சாய்ந்திருந்தாள். பால் கொடுத்தாயா என்று கேட்டேன்.

"அவங்க அம்மா வந்து குடுப்பா" என்றாள்.

மாமியாருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. எவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடிக்கிறாள் பாருங்கள் என்று என்னிடம் காட்டினாள். நானும் சிரித்துவிட்டு, அந்தப் பேச்சு பிடித்துப்போய், சென்டருக்குத் திரும்பியதும் என் நோட்டில் எழுதி வைத்தேன். அவளுக்கு மார்பு கல் மாதிரி கட்டியிருந்தது. வெந்நீர் ஒத்தடம் சொன்னேன். ராத்திரியெல்லாம் கண் மூடுவதில்லை என்று மாமியார் சொன்னாள். பச்சைக் குழந்தைக்காரி எவள் தூங்கினாள் என்று கேட்டேன். வீட்டை மூன்று தடவை பெருக்குகிறாள் என்றாள். மருமகள் பெருக்கினால் புகாரா என்று கேட்டேன். ரிஜிஸ்தரில் தாய் நலம், சேய் நலம் என்று எழுதிவிட்டுத் திரும்பினேன்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த ஊர் வழக்கம் எதுவும் தெரியாத ஒருத்தி அன்றைக்கு என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? பெற்றவள் பிள்ளையைத் தொடாமல், இதற்கு வேறு அம்மா இருக்கிறாள் என்று சொல்கிறாளே என்று அலறி எழுந்திருப்பாள். எனக்கு ஊர் தெரியும், ஜனம் தெரியும், வழக்கம் தெரியும். தெரிந்ததால் கேட்கவில்லை. ஜனங்களோடு பழகுங்கள் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பழகினதாலேயே ஒரு பிள்ளையைச் சாகக் கொடுக்க இருந்தேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பத்தாம் நாள் போனபோது அழுகையே வேறு மாதிரி இருந்தது. கோழியை விரட்டின சத்தம் இல்லை. பூனைக்குட்டி எங்கோ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு முனகல். துணியை விலக்கினேன். உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. மாமியார் சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்துக் கொடுத்துவந்திருக்கிறாள். தாய்ப்பாலும் உண்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் தாய் கொடுக்கிறாள் என்று மாமியாரும், நான் சொன்னபடி நடக்கிறது என்று ஏழுமலையும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தாய்ப்பால் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

பிள்ளையை எடுத்து அஞ்சலையின் மடியில் வைத்தேன். அவள் அதைத் தள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, இரண்டு கையாலும் பத்திரமாகத் தூக்கி என்னிடமே நீட்டினாள்.

"அடுத்தவ புள்ளைக்குக் குடுத்தா அவ வந்து கேக்க மாட்டாளா நர்சம்மா? என் புள்ளைய எங்க வெச்சிருக்கீங்க?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்து உலுக்கியது. வழக்கத்தில் அந்தக் கேள்வி கிடையாது. என் பிள்ளை இல்லை என்று சொல்வது வரைக்கும்தான் வழக்கம். அதற்கு மேல் என் பிள்ளை எங்கே என்று எந்த ஊரில் எவளும் கேட்க மாட்டாள்.

மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அஞ்சலையின் காதருகில் குனிந்து, இங்கே யாரும் இல்லை, எதுவும் காதில் வாங்காது, நீ என்னிடம் மட்டும் சொல், இது யார் பிள்ளை என்று கேட்டேன். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. இரக்கம்தான் இருந்தது.

"உங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டாங்களா?" என்றாள். பிறகு மெதுவாக, "என்னுது மூணாம் நாளே போயிடிச்சி. குப்பமேட்டுலேர்ந்து இத எடுத்தாந்து போட்டாங்க. நான் வாசல்ல நின்னு பாத்தேனே" என்றாள்.

அவள் சொன்னதில் எதைப் பொய் என்பேன்? குப்பைமேட்டிலிருந்து எடுத்தது நிஜம். அவள் நின்று பார்த்தது நிஜம். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நிஜம், சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பிரசவ சன்னியா, மனசு உடைந்ததா, பயமா, அல்லது நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளுக்குள் வைத்துத் தைத்ததா? என் தலைக்குள் எல்லாம் ஒன்றாகச் சுற்றியது. கையில் பிள்ளை முனகிக்கொண்டிருந்தது.

தலை சுற்றும்போது, கையில் இருப்பதை முதலில் பாருங்கள். அதை மட்டும் அன்றைக்குச் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். சவரியம்மாளைக் கூப்பிட்டேன். பத்து நாள் குழந்தைக்கு என் மூலையில் கிடந்த பால் பவுடரைக் கரைத்துக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. இன்றைக்கு நீங்கள் இன்னொருத்தி பாலைக் கொடுப்பதற்கு முன் ஆயிரம் பார்க்க வேண்டும், சோதிக்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தெரிந்த வழி அவள்தான். விஷயத்தைச் சொன்னதும் சவரியம்மாள் தன் பிள்ளையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். "நான் வாங்குனதுதான, நான் குடுக்காம யாரு குடுப்பா" என்றாள். முதலில் பிள்ளைக்கு உறிஞ்சவே தெம்பில்லை. பீய்ச்சிப் பீய்ச்சி வாயில் விட்டோம். கால் மணி நேரத்துக்கு அப்புறம்தான் பிடித்துக் குடித்தது.

அஞ்சலை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாளில் முதல் தடவையாக அவள் முகம் தளர்ந்தது. "பாத்தீங்களா, அவங்க அம்மா வந்துட்டா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

பிள்ளையைக் காப்பாற்ற நான் செய்த காரியம், தாயின் நோய்க்குச் சாட்சியாகிவிட்டது. பால் கொடுக்காவிட்டால் பிள்ளை போகும், கொடுத்தால் தாய் இன்னும் தூரமாய்ப் போவாள். எந்தப் புத்தகத்தைப் பார்ப்பது?

பிள்ளையைச் சவரியம்மாள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும், காலையில் செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். பதினோராம் நாள் தீட்டுக் கழியாமல் பிள்ளை வாசல் தாண்டாது என்று மாமியார் மறித்தாள். தவிட்டுக்குத் தாண்டியதே என்றேன். அது சடங்கு, இது வேறு என்றாள். மறுநாள் அமாவாசை. ஏழுமலை வேறு ஒரு கணக்குப் போட்டிருந்தான். மேல்மலையனூருக்குக் கூட்டிப்போனால் அங்காளம்மா பார்த்துக்கொள்வாள் என்றான். ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்க, நான் சோர்ந்துவிட்டேன். சவரியம்மாள் வந்து வந்து பால் கொடுக்கட்டும், பிள்ளையை அஞ்சலையோடு தனியாக விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். விட்டுவிட்டு வந்தது என் இரண்டாவது தப்பு.

மறுநாள் விடிந்து வெயில் ஏறின நேரத்தில் நான் தெருவுக்குள் நுழைகிறேன், குப்பைமேட்டைச் சுற்றி ஜனம். மாமியார் தண்ணீருக்குப் போன நேரத்தில் அஞ்சலை பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டாள். பாதி ஓட்டமாக ஓடினேன். பிள்ளை மடித்த புடவைத் துண்டின் மேல் கிடந்தது. முகத்தில் வெயில் படாமல் ஒரு ஓலைத் துண்டைச் சாய்த்து வைத்திருந்தாள். இரண்டு முழம் தள்ளி அவள் உட்கார்ந்து, கையில் ஒரு குச்சியோடு நாயை விரட்டிக்கொண்டிருந்தாள். ஏழுமலை கையை ஓங்கிக்கொண்டு வந்தான். நான் குறுக்கே போய் நின்று, அடித்தால் நான் போய்விடுவேன் என்றேன். அதற்கு அவன் ஏன் பயந்தான் என்று தெரியவில்லை, கையை இறக்கினான்.

அவள் பக்கத்தில் அந்தக் குப்பையிலேயே உட்கார்ந்தேன்.

"இங்க இன்னா பண்ற அஞ்சல?"

"எடுத்த எடத்துலயே வெச்சிட்டேன் நர்சம்மா. அவங்க வந்து எடுத்துக்கினு என்னுத குடுத்துடுவாங்க."

"வெச்சிட்டியே, அப்பறம் ஏன் உக்காந்துக்கினு இருக்க?"

"நாயி இருக்குது இல்ல. பாவம், யாரு பெத்ததோ."

நாற்பது வருடம் கழித்தும் இந்தப் பதிலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தன் பிள்ளை இல்லை என்று குப்பையில் வைத்தவள், நாய் கடிக்காமல் காவல் இருக்கிறாள். இவள் தாயா, இல்லையா? இவளிடம் பிள்ளையை விடலாமா, கூடாதா? அங்கே யோசிக்க நேரம் இல்லை. ஏழுமலை மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான், ஊர் வேப்பிலை ஒடிக்க ஓடுகிறது, பிள்ளை முனகுகிறது. அப்போது நான் ஒரு பொய் சொன்னேன்.

"உன் புள்ள செஞ்சி ஆஸ்பத்திரியில இருக்குது. வா, போய்ப் பாக்கலாம்."

குச்சியைப் போட்டுவிட்டு உடனே எழுந்துவிட்டாள்.

சவரியம்மாள் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். தன் பிள்ளையை நாத்தனாரிடம் விட்டாள். நானும் ஏழுமலையும் அஞ்சலையை நடுவில் விட்டு நடந்தோம். விழுப்புரத்திலிருந்து வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, அத்தனையும் மலையனூர்க் கூட்டம். மஞ்சள் புடவை, எலுமிச்சம்பழம், வேப்பிலை வாசனை. பச்சை உடம்புக்காரி என்றதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். சவரியம்மாள் அந்த நெரிசலிலும் முந்தானையை மூடிப் பால் கொடுத்துக்கொண்டே வந்தாள். அஞ்சலை ஜன்னல் வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டு, இன்னும் எவ்வளவு தூரம் என்று மூன்று தடவை கேட்டாள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. நாங்கள் இறங்க வேண்டும். ஏழுமலை கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டான். இதே வண்டி ஸ்பெஷலாக மலையனூர் போகிறது, கோயிலுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறோம், அம்மன் பார்த்தால் ஆஸ்பத்திரியே வேண்டாம் என்றான். மெண்டல் ஆஸ்பத்திரிக்குப் போனவள் என்று பெயர் வந்தால் ஊரில் எப்படித் தலை காட்டுவது என்று கண் கலங்கினான். அவன் கேட்டது தப்பு என்று எனக்குப் படவில்லை. நானும் அங்காளம்மனைக் கும்பிடுகிறவள்தான். அங்கே போய்த் தெளிந்து வந்தவர்கள் என்று நாலு பேரைக் காட்டச் சொன்னால் எனக்கே காட்டத் தெரியும். கண்டக்டர் விசில் ஊதுகிறான். எனக்குப் பெரிய நியாயம் எதுவும் தோன்றவில்லை, சவரியம்மாள் மடியில் இருந்ததுதான் கண்ணில் பட்டது.

"ஏழுமல, அம்மன் அடுத்த அமாவாசைக்கும் அங்கதான் இருப்பா. இது இருக்குமா?"

அவன் பிள்ளையைப் பார்த்தான். இறங்கிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அஞ்சலை எனக்காகக் காத்திருக்கவில்லை. நேரே பிரசவ வார்டுக்குள் போய் ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்து பார்த்தாள். எட்டோ ஒன்பதோ கட்டில். கடைசிக் கட்டில் வரைக்கும் போனாள். அப்புறம் அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அங்கே இருந்த லேடி டாக்டர் மலையாளக் கரைப் பக்கத்துக்காரர். முதலில் பிள்ளைக்கு ஆக வேண்டியதைப் பார்த்தார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது என் பிள்ளை இல்லை என்று ஒரு தாய் சொல்லி நாலு நாள் ஆகிறது, நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார். தவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, மறுபடி முதலிலிருந்து சொல் என்றார். முழுசாகக் கேட்டுவிட்டு, "நானா இருந்தா மொத நாளே ஓடி வந்திருப்பேன். ஆனா எதனாலே அவளுக்கு இந்த நெனப்பு இந்த ரூபத்துலே வந்ததுன்னு எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சிருக்காது" என்றார். பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி வரும், தூக்கம் போவதுதான் முதல் எச்சரிக்கை மணி, மருந்துக்குக் கேட்கும் என்று சொன்னார். அப்படியானால் தவிட்டால் வந்தது இல்லையா என்று கேட்டேன். இருக்காது, ஆனால் தவிடு அதற்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்திருக்கலாம் என்றார்.

என் பொய்யையும் ஒப்புக்கொண்டேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"பொய் சொன்னது தப்பு. பஸ் ஏத்தினது சரி. ரெண்டையும் சேத்தே ஞாபகம் வெச்சுக்கோ."

அவளிடம் இனிமேல் என்ன பேசுவது என்று கேட்டேன். இது உன் பிள்ளைதான் என்று அடித்துப் பேசாதே, என் பிள்ளை இல்லை என்று அவள் சொல்வதற்கு ஆமாம் போடவும் செய்யாதே, அவள் பயந்து போயிருக்கிறாள் என்பது மட்டும் நிஜம், அதற்குப் பக்கத்தில் உட்கார் என்றார். கேட்க லேசாக இருக்கிறது. உட்கார்ந்து பாருங்கள். என் பிள்ளை எங்கே என்று ஒருத்தி உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது, ஆமாமும் இல்லையும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது பிரசவம் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

நாலு நாள் அங்கே வைத்திருந்து, அப்புறம் மெட்ராஸ் மெண்டல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஏழுமலையும் கூடப் போனான். அங்கே மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டு ஏழு வாரம் இருந்தான். பிள்ளை சவரியம்மாளோடு ஊருக்கு வந்தது. அவள் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பிள்ளையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமே. ஊரில் ஆளுக்கு ஒரு பேச்சு. அஞ்சலை திரும்பி வந்ததும் இது உன் பிள்ளைதான் என்று எல்லோருமாகச் சொல்லிவிட வேண்டும் என்றது ஒரு பக்கம். இத்தனை நடந்த பிறகு அப்படிச் சொல்லி வைத்தால் இதையும் பறிகொடுப்போம் என்று மாமியார் அழுதாள். நான் செஞ்சிக்குப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, எனக்கும் தெரியவில்லை என்றார். பெரிய படிப்புப் படித்தவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

அஞ்சலை வந்த அன்றைக்கு எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் போனபோது சவரியம்மாள் தன் வீட்டு வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளை. கன்னம் உப்பி, கை கால் உருண்டு, அது வேறு ஆளாகியிருந்தது. சவரியம்மாள் அதை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கும் உள்ளே ஏதோ நடந்துகொண்டிருந்தது. இரண்டு மாதம் பாலூட்டினவள் இல்லையா. அந்தப் பக்கத்தை அதுவரைக்கும் நான் யோசிக்கவே இல்லை.

அஞ்சலை இளைத்துப் போயிருந்தாள். பார்வை பழையபடி இருந்தது. எதைச் சொன்னால் சரி, எதைச் சொன்னால் கெடுதல் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் முதலில் என்னிடம்தான் வந்தாள்.

"அன்னிக்கு எல்லாக் கட்டிலையும் பாத்தேன் நர்சம்மா."

"பொய் சொன்னேன் அஞ்சல."

"தெரியும்" என்றாள். மன்னித்தாளா இல்லையா என்று அந்தக் குரலில் தெரியவில்லை.

பிறகு போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையைத் தொடவில்லை. ரொம்ப நேரம் அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தூக்கத்துக்குச் சிணுங்க ஆரம்பித்தது. சவரியம்மாள் அதைத் தோளில் போடக் கையெடுத்தாள்.

"எந்தப் பக்கம் போட்டா தூங்குதுக்கா?" என்று அஞ்சலை கேட்டாள்.

சவரியம்மாள் கை பாதியில் நின்றது.

"எடது தோளு. மொதல்ல ரெண்டு தட்டு. அப்பறம் சும்மா நிக்கணும், ஆட்டுனா முழிச்சிக்கும்."

பிள்ளையை நீட்டினாள். அஞ்சலை எழுந்து வாங்கி இடது தோளில் போட்டாள். இரண்டு தட்டுத் தட்டினாள். யார் பிள்ளை என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அது தூங்கும் வரைக்கும் அவள் அசையாமல் நின்றாள்.